தோம்பில் பெயர் இருந்தால் பாட்டனார் படித்தவர் என்று பொருளா?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டு அம்மா காலமான பின்னர் வெள்ளவத்தை வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, அம்மம்மாவின் பழைய றங்குப்பெட்டியின் அடியில் துணியில் சுற்றிய மூன்று பொருள்கள் கிடைத்தன. முதலாவது, முன்பக்கங்கள் கிழிந்துபோன ஒரு தமிழ் வேதாகமம். அதன் பின் உள்ளட்டையில் எங்கள் வீட்டுப் பிறப்புகள் வெவ்வேறு கையெழுத்துகளில் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, வேதாகமம் வைத்திருந்த வீட்டில் இருக்கவே இராது என்று நான் நினைத்திருந்த ஓர் ஓலைச் சாதகம். மூன்றாவது, அம்மம்மாவின் தகப்பனார் பென்சிலால் எழுதிவைத்த ஒரு துண்டுத்தாள். "எங்கள் முன்னோர் ஒல்லாந்தர் பள்ளியில் படித்தவர்கள், பெயர் தோம்பிலே இருக்கிறது" என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. தோம்பு என்பது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துப் பதிவேடு.

அந்த ஒரு வரியை எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறது. ஆகவே சென்ற மாதம் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய், எங்கள் பூர்வீக ஊரின் பள்ளித் தோம்பைக் கேட்டுப் பார்த்தேன். உறவினர் பலர் இன்றும் அங்கேயே இருப்பதால் ஊர்ப்பெயரைத் தவிர்க்கிறேன். கொழும்புக்கு அண்மையில் என்பது போதும். எங்கள் வீட்டாருடையது என்று நான் நம்பும் ஒரு பக்கத்தின் பிரதி இப்போது கையில் இருக்கிறது. அது 1760களைச் சேர்ந்தது.

எனக்கு ஒல்லாந்த மொழி தெரியாது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்ததில், குடும்பத் தலைவரின் பெயர் "மோயெட்டோ" என்று தொடங்குகிறது. இப்படியொரு பெயர் தமிழிலோ சிங்களத்திலோ போர்த்துக்கேயத்திலோ இருப்பதாகத் தெரியவில்லை. அவருடைய மூத்த மகள் பதினேழாவது வயதில் ஞானஸ்நானம் பெற்றதாகவும் காண்கிறது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் குழந்தைப் பருவத்திலேயே பெற்றிருக்கிறார்கள். இவர்கள் பள்ளியில் என்ன படித்தார்கள், எந்த மொழியில் படித்தார்கள் என்பதை அறியவும் ஆவலாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

தோம்புவாசகர் எழுதியது:

தம்பி, மோயெட்டோவைத் தேடி நீங்கள் போர்த்துக்கல் வரை போக வேண்டியதில்லை. ஒல்லாந்த எழுத்துமுறையில் ரோம எழுத்துகளான ஓவும் ஈயும் அடுத்தடுத்து வந்தால் அது நம்முடைய உகரம். அந்தக் கண்ணோடு மறுபடி வாசித்துப் பாருங்கள். உங்கள் முன்னோர் "முத்து" என்று தொடங்கும் பெயருடைய சாதாரணத் தமிழர். இதேபோல, ஆங்கிலத்தில் நாம் ஜகரமாக வாசிக்கும் எழுத்து அவர்களுக்கு யகரம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பக்கத்தில் பாதிப் பெயர்கள் தாமாகவே தமிழுக்குத் திரும்பிவிடும்.

மகளின் விடயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஞானஸ்நானம் பெற்றதற்கு அவர்கள் எழுதும் சொல் "ஹெடோப்ட்", மணமுடித்ததற்கு எழுதும் சொல் "ஹெட்ரவ்ட்". இரண்டும் ஜி, ஈ என்ற அதே இரண்டு எழுத்துகளில் தொடங்குபவை. எழுதியவர் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு எழுத்துகளோடு நிறுத்திவிடுவார். மூன்றாவது எழுத்து டி (d) தானா, அல்லது ரி (t) எழுதி அதன்மேல் ஆர் (r) கிறுக்கப்பட்டிருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். இருநூற்றைம்பது ஆண்டுப் பழைய மை தாளின் மறுபக்கத்துக்கு ஊறியிருக்கும். நிழற்பிரதியை நம்பாமல் மூலத்தைப் பார்ப்பதே நல்லது.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. கைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் டியின் வால் என்று நினைத்தது உண்மையில் ஆர். அந்தப் பிள்ளை பதினேழு வயதில் ஞானஸ்நானம் பெறவில்லை, கலியாணம் முடித்திருக்கிறாள். ஒரு மாதமாக, மதம் மாறத் தயங்கி நின்ற ஒரு துணிச்சல்காரியாக அவளைக் கற்பனை செய்து என் மகளுக்கும் கதை சொல்லிவிட்டேன். அந்தக் கதையை இனி வாபஸ் வாங்க வேண்டும்.

தோம்புவாசகர் எழுதியது:

கதையை முழுவதும் வாபஸ் வாங்க வேண்டியதில்லை. அந்த மணம் எப்படிப் பதிவானது என்று பார்த்தால் கதை இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு முன், பள்ளித் தோம்பு என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரைக் கண்டவுடன் பலரும் அதை இன்றைய பாடசாலையின் வரவுப் பதிவேட்டைப் போன்றது என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபோது, கரையோர ஊர்களில் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற கோயில் வட்டங்கள் இருந்தன. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தங்கள் புரட்டஸ்தாந்து சமயமான சீர்திருத்தச் சபையின் வழிபாட்டு இடத்தையும் பள்ளியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார்கள். அங்கிருந்த வாத்தியார் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் செபங்களும் சொல்லிக்கொடுப்பதோடு, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் பிரசங்கத்தை வாசிப்பதும், ஊராரின் ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றைப் பதிவதும், வேண்டியபோது பத்திரங்கள் எழுதுவதும் அவர் பொறுப்பாகவே இருந்தன. அந்தப் பதிவேடுதான் பள்ளித் தோம்பு. ஆண்டுதோறும் கொழும்பிலிருந்து ஒரு போதகரும் ஓர் அதிகாரியும் ஊர் ஊராகச் சென்று தோம்பைத் திறந்துவைத்துப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துச் சோதிப்பார்கள். வராத பிள்ளையின் பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்யத் தனிச் சபையே இருந்தது.

ஆகவே தோம்பில் ஒரு பெயர் இருக்கிறது என்றால், அந்த ஆள் அந்த வட்டத்தில் பிறந்தார் அல்லது வாழ்ந்தார், ஞானஸ்நானம் பெற்றார், ஆட்சி செய்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சட்டத்தின் கண்ணில் முறையான பிறப்பும் மணமும் உடையவர் என்றே பொருள். அவர் நன்றாகப் படித்தார் என்பதற்கு அது சான்றாகாது. தோம்பில் இல்லாத மணத்தை அதிகாரிகள் மணமாகக் கொள்ளாததால், பிள்ளைகளின் உரிமைப் பங்கே கேள்விக்குள்ளாகும். காணிக்கு ஒரு தோம்பு, குடிகளுக்குத் தலைத் தோம்பு, பள்ளிக்கு ஒரு தோம்பு என்று மூன்றும் இருந்ததற்குக் காரணமே நிலமும் வரியும் வாரிசும்தான்.

உங்கள் பதினேழு வயதுப் பெண்ணும், மணமுடிக்கும் முன்பு, வாத்தியார் முன்னிலையில் கர்த்தருடைய செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஒப்புவித்திருப்பாள். மாப்பிள்ளைக்கும் அதே சோதனைதான். தடுமாறினால் கலியாணத் தேதி தள்ளிப்போகும்.

சட்டம்பி எழுதியது:

தெகிவளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான்; பிறந்த இடம் வடமராட்சி. தோம்புவாசகர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால், வெள்ளவத்தைவாசி தவறாக எண்ணக் கூடாது, "ஒல்லாந்தர் பள்ளியில் படித்த குடும்பம்" என்ற பெருமையையே நான் கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன்.

தண்டத்துக்குப் பயந்து போன இடத்தைப் படிப்பு என்று சொல்வதும், தண்டம் இல்லாமலே தேடிப் போன இடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் நியாயமா? அதே காலத்தில் ஊர்த் திண்ணைகளில் பிள்ளைகள் மணலில் விரலால் அகரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். "அரி நமோத்து சிந்தம்" என்று தொடங்கி எழுத்துகளை ஒப்புவித்த அந்தப் பாடத்தின் நினைவாகத்தான் இன்றும் இலங்கைத் தமிழர் பாலர் வகுப்பை அரிவரி என்கிறோம். மணலிலிருந்து ஓலைக்கு வந்த பிள்ளை ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்று மனனம் செய்து, பதினான்கு பதினைந்து வயதில் ஒரு காணி உறுதியைப் பிழையில்லாமல் வாசிக்கும் அளவுக்கு வந்துவிடுவான். வாத்தியாருக்குச் சம்பளம் நெல்லாகவும் நவராத்திரிக் காணிக்கையாகவும் போய்ச் சேரும். ஆனால் அந்தத் திண்ணையில் வரவுப் பதிவேடு இல்லை. அதனால் குடும்ப வரலாறு தேடும் இன்றைய பேரப்பிள்ளைக்குப் படித்த பாட்டன் காணாமற்போகிறார். படிக்காவிட்டாலும் பெயர் கொடுத்த பாட்டன் கிடைக்கிறார்.

என் பூட்டனாரைப் பற்றிக் கையெழுத்து ஆவணம் ஒன்றுகூட இல்லை. அவர் படி எடுத்த நிகண்டு ஓலை மட்டும் வீட்டில் இருந்தது. 1987 இல் அந்த வீடும் போய்விட்டது.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

தவறாக எண்ணவில்லை ஐயா, ஆனாலும் கொஞ்சம் மனம் நொந்தது உண்மை. எங்கள் அம்மம்மா அந்த வரியைச் சொல்லும்போது கண் கலங்குவார். தண்டத்துக்காகப் போன பள்ளியிலும் ஒரு பிள்ளை உண்மையாகவே எதையாவது கற்றிருக்க முடியாதா?

சட்டம்பி எழுதியது:

முடியும், நிச்சயமாக முடியும். பிலிப்பு டி மெல்லோவை யார் மறக்க முடியும்? கொழும்பில் 1723 இல் பிறந்த தமிழர், 1696 இல் ஒல்லாந்தர் இங்கே தொடங்கிய செமினரி என்ற உயர்பள்ளியில் படித்தவர், சீர்திருத்தச் சபையின் போதகராகத் திருநிலைப்பட்டவர். புதிய ஏற்பாட்டை அவர் தமிழில் மொழிபெயர்த்தார். 1759 இல் அது கொழும்பிலேயே அச்சேறியது. அத்தகையவர்கள் அங்கிருந்து வந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஊர்ப் பள்ளியும் செமினரியும் ஒன்றல்ல. செமினரிக்குப் போனவர்கள் முதலிமார் எனப்பட்ட உள்ளூர் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளும் வாத்தியார் வேலைக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுமாகிய ஒரு கைப்பிடி அளவினர். மற்றவர்கள் வாத்தியார் வாசிப்பதைத் திருப்பிச் சொன்னவர்கள். அம்மம்மாவின் கண்ணீரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை தம்பி.

கொட்டாஞ்சேனைக்காரி எழுதியது:

எங்கள் வீட்டுக் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்ததால், ஞானஸ்நானத்தையும் மணத்தையும் சீர்திருத்தச் சபையில் பதிந்தாக வேண்டியிருந்தது. ஆகவே பகலில் பிள்ளையை வாத்தியாரிடம் கொண்டுபோய்த் தோம்பில் பெயர் எழுதுவித்தார்கள்; குரு ஊருக்கு வந்த இரவில், கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ஒரு பெயரிட்டார்கள். யோசேப்பு வாஸ் அடிகளார் 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து இறங்கிய பின்னர், அவரும் அவருடன் சேர்ந்த குருமாரும் அப்படித்தான் இரவுகளில் ஊர் ஊராகப் போனார்கள். 2015 சனவரியில் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த அன்று, என் மாமியார் முழங்காலில் நின்றபடி, "எங்கள் வீட்டுப் பெயர்களை வைத்தவர்களின் தலைவர்" என்றார்.

இதனால் தேடுபவருக்கு வரும் தொல்லை என்னவென்றால், ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். தோம்பில் ஒன்று, வீட்டில் வழங்கியது வேறொன்று. 1806 இல் ஆங்கிலேயத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கிய பின்புதான் எங்கள் கோயிற் பதிவுகளில் பெயர்கள் தடையின்றி வரத் தொடங்குகின்றன. அதற்கு முந்திய தலைமுறையை இரண்டு பெயர்களையும் வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். நான் ஏழு ஆண்டுகள் ஒரே மனிதரை அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் என்று எழுதிவைத்திருந்தேன்.

சட்டம்பி ஐயாவிடம் ஒரு சிறு முறைப்பாடு. உங்கள் திண்ணையில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள்? தண்டத்துக்காக எழுதப்பட்டதே ஆனாலும், தோம்பில் எங்கள் பூட்டிகளின் பெயரும் இருக்கிறது. அவர்கள் பெயரை எழுதிய வேறு தாள் உலகத்தில் இல்லை.

சட்டம்பி எழுதியது:

அம்மா சொல்வது சரி. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

நெறியாளர் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. எந்தச் சமயம் யாருக்கு என்ன செய்தது என்ற திசையில் மட்டும் போய்விடாமல் பதிவுகளைப் பற்றியே பேசுவோம்.

உடுவில்பேத்தி எழுதியது:

பெயர்க் குழப்பம் என்றவுடன் எழுதத் தோன்றியது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் அமெரிக்க மிஷன் 1816 இல் வந்து, வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துத் தங்க வைத்துப் படிப்பிக்கும் பள்ளிகளைத் தொடங்கியது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இலும் உடுவில் பெண்கள் பள்ளி 1824 இலும் ஆரம்பமாகின. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவிலுள்ள ஒரு கொடையாளர் ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு இட்டார்கள். உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், விசுவநாதபிள்ளைக்கு முன் கறோல் ஒட்டிக்கொண்டதும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும் அப்படித்தான். என் கொள்ளுத்தாத்தாவுக்கு இவ்வாறு வந்த பெயரைப் பரம்பரைப் பெயர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். பாஸ்டனில் அச்சான மிஷன் இதழ்களைப் பழைய நூல்களை இணையத்தில் வைத்திருக்கும் தளங்களில் புரட்டியபோதுதான், அது எட்டுக் கடலுக்கு அப்பால் யாரோ ஒரு போதகரின் பெயர் என்று புரிந்தது. அந்த மிஷனின் கடிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. தேடுபவர்கள் தமிழ்ப் பெயரில் தேடிக் களைத்துவிடாமல், இட்ட பெயரிலும் தேட வேண்டும்.

மலைநாட்டுப்பேரன் எழுதியது:

உங்கள் எல்லாருடைய பதிவுகளையும் பொறாமையோடு வாசித்தேன். எங்களுக்குத் தோம்பும் இல்லை, செமினரியும் இல்லை, பாஸ்டன் இதழும் இல்லை. தாத்தாவின் தகப்பனார் திருச்சிப் பக்கமிருந்து கங்காணியோடு மலைநாட்டுத் தோட்ட வேலைக்கு வந்தவர். கையில் ஒரு தகரத் துண்டு இருந்திருக்கும். அதில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும்தான் இருந்தன, ஆள் பெயர் கிடையாது.

பிள்ளைகளின் பெயர் எங்கே முதன்முதலாக விழுந்தது என்று கேட்டால், தோட்டத்தின் வேலை வரவுப் பதிவேடான செக்றோலில்தான். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு "பேர்" என்று சொல்வார்கள். "இன்றைக்குப் பேர் விழுந்ததா" என்றால் சம்பளம் கணக்கானதா என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளுக்கு அரைப்பேர். என் பாட்டி பத்து வயதில் அரைப்பேருக்குக் கொழுந்தெடுத்தவர். ஒல்லாந்தர் தோம்பில் பேர் இல்லாவிட்டால் தண்டம் என்றீர்கள். எங்களுக்குப் பேர் விழாவிட்டால் அரிசி இல்லை.

பள்ளிக்கூடம் என்று பார்த்தால், லயத்தின் கோடியில் ஒரு காம்பரா. கோயிலில் பூசை செய்கிற பண்டாரமோ, எழுத்துத் தெரிந்த கங்காணி மகனோ, வேலை முடிந்து வந்த பிள்ளைகளுக்கு விளக்கு வெளிச்சத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார்கள். 1907 இல் வந்த சட்டம் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. அதன் பின்னர்தான் பதிவேடு என்ற ஒன்று வந்தது. பாட்டி படித்த தோட்டத்தின் பதிவேட்டைத் தேடிப் போனேன். தோட்டம் இரண்டு முறை கைமாறியபோது பழைய கடதாசிகளைத் தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் போட்டுவிட்டதாக அங்கிருந்த ஒரு பெரியவர் சொன்னார். அவரும் அதைச் சொல்லிவிட்டு, "நானும் சில கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தேன் தம்பி" என்றார்.

பாட்டிக்குத் தன் பெயர் எழுதத் தெரியும். விளக்கு வெளிச்சத்துப் பண்டாரத்தைத் தவிர யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள்?

தோம்புவாசகர் எழுதியது:

மகனே, செக்றோலைப் பற்றிய உங்கள் வரிகளை அச்சிட்டு வைத்துக்கொண்டேன். உங்கள் தேடலுக்குப் பிறப்பு இறப்புப் பதிவுகள் உதவலாம். பிறப்பும் இறப்பும் 1867 முதல் அரசின் பொதுப் பதிவுக்குள் வந்துவிட்டன. பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மாளிகாவத்தைப் பதிவறையில் பழைய ஏடுகள் உண்டு. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் தெரிந்தால், பாட்டியின் தகப்பனார் பெயராவது கிடைக்கக்கூடும்.

வெள்ளவத்தைவாசிக்குத் திரும்புகிறேன். உங்கள் உண்மையான சிக்கல் 1760களில் இல்லை. அந்தப் பக்கம் கையில் இருக்கிறது. 1867க்குப் பிந்தியதும் எளிது. நடுவிலுள்ள நூறு ஆண்டுகள்தான் வழுக்கு நிலம். 1796 பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயரிடம் போனவுடன் தண்டம் விதிக்க ஆளில்லாமல் போயிற்று. நோர்த் தேசாதிபதி 1798 இல் வந்து ஊர்ப் பள்ளிகளை மறுபடி உயிர்ப்பித்தார். அடுத்த ஆண்டு கோர்டினர் என்ற குருவானவர் பள்ளிகளின் தலைவரானார். ஆனால் 1803 இல் செலவைக் குறைக்கும்படி மேலிடத்துக் கட்டளை வந்து, பல பள்ளிகள் பெயரளவில் மட்டும் நின்றன. ஆச்சரியம் என்னவென்றால், சம்பளம் அற்றுப்போன பின்னும் வாத்தியார்கள் தோம்பை விடவில்லை. மணப் பதிவுக்கு ஊரார் கொடுத்த கட்டணமே அவர்களுடைய சீவனம். பிள்ளைகள் இல்லாத பள்ளியில் தோம்பு மட்டும் உயிரோடு இருந்த காலம் அது. ஆகவே உங்கள் ஊர்த் தோம்பு ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்கிறதா என்று கேளுங்கள். சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் கால ஏடுகள் மட்டும் ஏழாயிரத்துக்கு மேல். 1943 இல் யூரியான்ஸ அம்மையார் தொகுத்த பட்டியலைப் பார்க்காமல் உள்ளே இறங்கினால் தொலைந்துபோவீர்கள்.

கோயிற் பக்கம், 1757 இல் பிரதிட்டை செய்யப்பட்ட வொல்வெண்டால் ஆலயத்தின் சபைப் பதிவுகள் உள்ளன. கொழும்புச் சீர்திருத்தச் சபையின் பதிவுகள் பரம்பரை தேட உதவும் பேமிலிசர்ச் இணையத்தளத்திலும் படமாக இருக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

இறுதியாக அந்த ஓலைச் சாதகம். அதில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

எனக்கு அந்த ஓலை எழுத்து ஓடவில்லை. வெள்ளவத்தையில் சாதகம் பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். யுவ வருடம், புரட்டாதி மாதம், வியாழக்கிழமை என்று வாசித்தார். மாதத் தேதி இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. தோம்புப் பக்கத்தில் மூன்றாவது பிள்ளையின் ஞானஸ்நானம் 1755 ஒக்டோபரில் நடந்திருக்கிறது. 1755 யுவ வருடம்தான் என்று கணக்குப் பார்த்தேன். கிடைத்துவிட்டது போலிருக்கிறதே ஐயா!

சட்டம்பி எழுதியது:

அவசரப்பட வேண்டாம் தம்பி. யுவ அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும். 1755, 1815, 1875 மூன்றும் யுவதான். கொழும்பின் ஈரக் காற்றில், றங்குப்பெட்டிக்குள், எண்ணெய் பூசுவாரும் இல்லாமல் ஓர் ஓலை இருநூற்றெழுபது ஆண்டுகள் கிடந்தது என்பதை நான் எளிதில் நம்பமாட்டேன். எங்கள் வீட்டு ஓலைகள் ஆண்டுக்கொரு முறை துடைத்தும் நூறு நூற்றைம்பது ஆண்டுக்குள் பொடியத் தொடங்கின. வேதாகமத்தின் உள்ளட்டையில் முதலாவது பிறப்பு எந்த ஆண்டு?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளட்டையின் முதல் வரி ஒரு ஆண் பிள்ளையின் பிறப்பு: 1815 செப்டெம்பர் 28. அந்த நாள் என்ன கிழமை என்று பழைய நாட்காட்டிக் கணக்கில் பார்த்தேன், வியாழக்கிழமை. புரட்டாதிக்குள்ளும் வருகிறது. சட்டம்பி ஐயாவே சரி. சாதகம் 1755 இன் பிள்ளையுடையதல்ல.

ஆனால் இது எனக்கு ஏமாற்றமாக இல்லை. அந்தப் பிள்ளையின் தகப்பனாரும் தோம்பில் பெயருள்ள ஊர்க்காரராகவே இருந்திருப்பார். தண்டம் விதித்தவர்கள் போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வேதாகமத்தையும் வைத்துக்கொண்டார், சோதிடரையும் அழைத்து ஓலை எழுதுவித்தார், இரண்டையும் ஒரே துணியில் சுற்றிவைத்தார். அந்தத் துணியை அவிழ்த்தவர்கள் யாரும் ஒன்றை எடுத்து எறியவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். உள்ளட்டையின் முதல் வரியும் அதற்குக் கீழுள்ள இரண்டு வரிகளும் ஒரே கையெழுத்து. எழுத்துகளுக்குத் தலையில் புள்ளி இல்லை, ஏகாரமும் எகரமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஓலையில் எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும் என்று சாதகம் வாசித்த பெரியவர் சொன்னார். ஆகவே எழுதியவர் முதலில் கற்றது ஒரு திண்ணையிலாகவும் இருக்கலாம். 1760களின் தோம்புப் பக்கத்திலிருந்து 1815 இன் தகப்பனாருக்கு இன்னும் பாலம் கட்டவில்லை. தோம்பிலுள்ள மூன்றாவது பிள்ளையின் ஞானஸ்நானப் பெயரும் இவருடைய பெயரும் ஒன்று, ஆனால் அந்தப் பெயர் அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு இருந்தது. ஆங்கிலேயர் காலத் தோம்பைக் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரி எழுதியது:

அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் பெயர் என்ன என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

தோம்பில் "அன்னா" என்று இருக்கிறது அக்கா. பக்கத்தில், வேறொரு மையில், சிறிய எழுத்தில் இன்னொரு சொல். ஓவும் ஈயும் சேர்ந்தால் உகரம் என்று கற்றுக்கொண்ட பின்பு அதை வாசிக்க முடிந்தது. "குஞ்சு" என்று எழுதியிருக்கிறார்கள்.